பட்டாணி விதையும் பால்கே அவர்களும்

மேல் வகுப்பு மாணவியரான நமக்கு ஆண்டுதோறும் ஒரு வேளை வரும். ஊடகக் கல்விப் பாடத்துக்குச் செயல்திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேளை அது. குறும்படம், வானொலி நாடகம், புகைப்படத் தொகுப்பு, செய்தித்தாளின் முதற் பக்கம், விழிப்புணர்வுச் சுவரொட்டி எனப் பட்டியல் ஒன்று நம் கையில் தரப்படும். அவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டியலைக் கண்டதும் நம்மில் சிலருக்கு ஆசை பெருகும். ஒரு மணி நேரப் படம் எடுத்துவிடலாம், பள்ளி முழுவதையும் நடிக்க வைத்துவிடலாம் என்று மனம் பறக்கும். வேறு சிலருக்கோ அச்சம் பிடித்துக்கொள்ளும். தோழி எதை எடுத்தாளோ அதையே எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். ஆசையை நம்பினால் வேலை பாதியில் நிற்கிறது. அச்சத்தை நம்பினால் வேலையில் உயிர் இருப்பதில்லை. பின் எதைக் கொண்டுதான் தேர்ந்தெடுப்பது?

இக்கேள்விக்கு விடை தரும் வாழ்க்கை ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. இந்தியத் திரைப்படத்தின் தந்தை என்று போற்றப்படும் தாதாசாகேப் பால்கே அவர்களின் வாழ்க்கையே அது. அரிச்சந்திரன் கதையை முதன்முதலில் படமாக்கியவர் என்று பொது அறிவு நூல்களில் அவரைப் பற்றி ஒரு வரி படித்திருப்போம். அந்தப் படத்துக்கு முன் அவர் எடுத்த ஒரு சின்னஞ்சிறு படத்தைப் பற்றி நம்மில் பலர் அறியோம். அதை அறிந்துகொண்டால் நம் கேள்விக்கும் வழி பிறக்கும்.

இளமையும் பயிற்சியும்

துண்டிராஜ் கோவிந்த் பால்கே என்பது அவருடைய முழுப்பெயர். மராட்டிய நாட்டில் நாசிக் நகருக்கு அருகிலுள்ள திரியம்பகம் என்னும் ஊரில் 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வடமொழிப் புலவர். அவர் பம்பாயில் ஆசிரியப் பணி ஏற்றதால் குடும்பமும் அந்நகருக்குக் குடிபெயர்ந்தது.

சிறுவன் துண்டிராஜுக்கு ஓவியத்தில் நாட்டம். 1885-இல் பம்பாயின் புகழ்பெற்ற ஜே.ஜே. கலைப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் பரோடாவிலுள்ள கலாபவனில் பயின்றார். ஓவியத்தோடு புகைப்படம் எடுப்பதையும், அச்சுக்கலையையும், படங்களை அச்சுக் கட்டைகளாக்கும் முறைகளையும் கற்றார். கண்கட்டு வித்தைகளையும் விட்டுவைக்கவில்லை. தம் பெயரின் எழுத்துக்களைத் திருப்பிப் போட்டு, பேராசிரியர் கெல்ஃபா என்ற பெயரில் மேடையேறி வித்தை காட்டினார்.

இத்தனை கலை கற்றவருக்கு வாழ்வு எளிதாக அமைந்ததா? இல்லை. கோத்ரா நகரில் புகைப்பட நிலையம் வைத்தார். அங்கே பரவிய கொள்ளைநோய் அவருடைய மனைவியையும் குழந்தையையும் கொண்டுபோயிற்று. பரோடாவில் மீண்டும் புகைப்படத் தொழிலைத் தொடங்கினார். படம் எடுத்தால் உடலின் சக்தி போய்விடும் என்று அஞ்சி மக்கள் வரத் தயங்கினர். 1902-இல் மறுமணம் செய்துகொண்டார். புது மனைவியின் பெயர் சரஸ்வதிபாய். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பால்கே அவர்களின் பணியில் சரிபாதி இவருடையது.

பிறகு இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையில் வரைவாளராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். அதையும் விட்டு அச்சகம் தொடங்கினார். ஓவியர் ரவிவர்மாவின் படங்களை வண்ணத்தில் அச்சிட்டு வீடுதோறும் கொண்டுசேர்த்த அச்சகத்துக்கும் அவர் பணி செய்ததுண்டு. புதிய அச்சு முறைகளைக் கற்க 1909-இல் ஜெர்மனி சென்றுவந்தார். ஆனால் கூட்டாளிகளோடு மனவேறுபாடு முற்றியது. தாம் வளர்த்த அச்சகத்தைத் தாமே விட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு நாற்பது வயது. கையில் தொழில் இல்லை. வீட்டில் பிள்ளைகள்.

திரையில் கண்ட காட்சி

1911-ஆம் ஆண்டு, இயேசுவின் உயிர்ப்புத் திருநாளையொட்டிய நாட்கள். பம்பாய் கிர்காமில் இருந்த அமெரிக்கா இந்தியா பிக்சர் பேலஸ் என்னும் அரங்கில், விலங்குகளைப் பற்றிய படம் ஒன்றை மூத்த மகன் பாலசந்திராவுடன் பார்த்தார். வீட்டுக்கு வந்த சிறுவன் திரையில் விலங்குகள் நடமாடுவதைச் சொல்ல, வீட்டில் யாரும் நம்பவில்லை. மறுநாள் குடும்பத்தையே அழைத்துச் சென்றார். திருநாட்காலமாதலால் அன்று கிறிஸ்துவின் வாழ்க்கையைப் பற்றிய படம் திரையிடப்பட்டது.

ஒலியற்ற படம் அது. ஆண்டவரின் வாழ்வு காட்சி காட்சியாகத் திரையில் நகர நகர, பால்கே அவர்களின் மனத்தில் மற்றொரு படம் ஓடத் தொடங்கியது. தாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த கண்ணனின் கதையும் இராமனின் கதையும் இவ்வாறே திரையில் தோன்ற வேண்டும், அவற்றை இந்தியர் கைகளே உருவாக்க வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. அடுத்த காட்சிக்கும் இருந்து பார்த்தார். அருகிலிருந்த சரஸ்வதிபாயிடம் தம் எண்ணத்தைச் சொன்னார். பிறருடைய பக்தியைக் கண்டு தம் மக்களின் பக்தியை நினைத்த அந்த உள்ளத்தை நாம் மதிக்கிறோம்.

தேர்வு அன்றைக்கே முடிந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அப்போது பிறந்தது விருப்பம் மட்டுமே. இன்ன படம், இன்ன முறையில், இன்ன பொருளைக் கொண்டு என்று முடிவு செய்ய அவருக்கு மேலும் ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டில் அவர் செய்தவைதாம் நமக்குப் பாடம்.

கற்ற பின் தேர்ந்தார்

முதலில் அவர் பார்த்தார். பம்பாயில் திரையிடப்பட்ட படங்களைப் பல மாதங்கள் நாள்தோறும் பார்த்தார். சிறிய கருவி ஒன்றையும் பிலிம் சுருள்களையும் வாங்கி வந்து, வீட்டில் இரவெல்லாம் சுவரில் ஓட்டிப் பார்த்து ஆராய்ந்தார். உறக்கம் குறைந்தது. கண்கள் கெட்டன. ஒரு கட்டத்தில் பார்வையே மறைந்துபோயிற்று. மருத்துவர் ஒருவரின் சிகிச்சையாலும் மூக்குக் கண்ணாடிகளாலும் மெல்ல மெல்லப் பார்வை திரும்பியது. இந்த மட்டில் நாம் அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை. தேர்வுக் காலத்தில் இரவு முழுவதும் விழித்திருக்கும் தோழியர் இதைக் கவனிப்பார்களாக!

அடுத்து, தெரிந்தவர்களைத் தேடிச் சென்றார். ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை அடகு வைத்துக் கடன் பெற்று, 1912 பிப்ரவரியில் லண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே பயாஸ்கோப் என்னும் வார இதழின் ஆசிரியரைச் சந்தித்தார். இங்கிலாந்திலேயே படத் தயாரிப்பாளர் பலர் நொடித்துப்போகும் நிலையில் இந்தியாவில் இது எப்படி நடக்கும் என்று அவர் முதலில் தடுத்துப் பார்த்தார். வந்தவரின் உறுதியைக் கண்டபின் செசில் ஹெப்வொர்த் என்ற தயாரிப்பாளரிடம் அறிமுகம் செய்துவைத்தார். வால்டன் என்னும் இடத்திலிருந்த தம் படப்பிடிப்பு நிலையத்தின் எல்லாப் பிரிவுகளையும் ஹெப்வொர்த் திறந்து காட்டினார். வில்லியம்சன் நிறுவனத்தின் கேமரா ஒன்றும், பிலிமில் துளையிடும் கருவியும், பிற பொருள்களும் வாங்கிக்கொண்டு, இரண்டே மாதங்களில் பால்கே நாடு திரும்பினார்.

பட்டாணி வளர்ந்தது

கேமரா வந்துவிட்டது. கண்ணன் கதையைத் தொடங்க வேண்டியதுதானே? தொடங்கவில்லை. ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றினார்!

தொட்டியின் முன் கேமராவை அசையாமல் நிறுத்தினார். நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். ஒரு மாதத்துக்கு மேல் இது நடந்தது. எல்லாவற்றையும் சேர்த்துத் திரையில் ஓட்டியபோது, விதை முளைவிட்டு, இலைவிட்டு, கொடியாய் எழும் காட்சி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் கண்முன் நிகழ்ந்தது. ஒரு மாத வளர்ச்சி ஒரு நிமிடத்தில்! பார்த்தவர்கள் வியந்தனர். பணம் தரத் தயங்கியோருக்கும் நம்பிக்கை வந்தது. கடன் கிடைத்தது.

இந்தப் பட்டாணிப் படம் விளையாட்டுக்கு எடுக்கப்பட்டதன்று. சற்று எண்ணிப் பார்ப்போம். பட்டாணிச் செடிக்குச் சம்பளம் இல்லை, உடை இல்லை, ஒப்பனை இல்லை. வீட்டுக்குள்ளேயே வேலை முடியும். ஆனால் பிலிமில் துளையிடுவது, வெளிச்சத்தை அளவிடுவது, கேமராவை இயக்குவது, படத்தைக் கழுவுவது, பிரதி எடுப்பது, திரையில் ஓட்டுவது ஆகிய அத்தனையும் ஒரு முழுநீளப் படத்துக்கு எப்படியோ அப்படியே இதற்கும் தேவை. பிழை நேர்ந்தாலும் நட்டம் சிறிது. பொருள் சிறியது, பயிற்சியோ முழுமையானது. அவர் தேர்ந்தெடுத்த முறை இதுவே.

மூன்று நிமிட வானொலி உரையாடலுக்கும் இது பொருந்தும். அதை நாமே எழுதி, நாமே பேசி, பதிவு செய்து, பிழை திருத்தி, பிறர் கேட்கும்படி முடித்தால், அந்தக் கலையின் எல்லாப் படிகளிலும் ஏறி இறங்கியவர்களாவோம். பாதியில் நின்ற ஒரு மணி நேரப் படத்தில் அந்தப் பயன் கிட்டாது.

கதையைத் தெரிந்தெடுத்தல்

இனிப் பெரிய படம். இங்கும் தம் மனத்துக்கு இனிய கண்ணன் கதையை அவர் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. புராணக் கதைகள் பலவற்றையும் குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் பேசிப் பார்த்தார். அரிச்சந்திர நாடகம் அப்போது மராத்தியிலும் உருதுவிலும் மக்களால் பெரிதும் விரும்பப்பட்டது. வாய்பேசாப் படத்தில் கதை விளங்க வேண்டுமானால், பார்ப்பவர்களுக்குக் கதை முன்பே தெரிந்திருப்பது நல்லதல்லவா? வாய்மைக்காக நாட்டையும் மனைவி மக்களையும் இழந்து சுடுகாட்டில் காவல் நின்ற மன்னன் கதையை நம் தமிழ்நாட்டுத் தெருக்கூத்து மேடைகளும் அறியும். நாம் சந்திரமதி என்று சொல்லும் அரசியை அவர்கள் தாராமதி என்பார்கள். நாம் லோகிதாசன் என்று அழைக்கும் இளவரசன் அங்கே ரோகிதாஸ்வன்.

கதை அமைந்தது. நடிக்க ஆள் வேண்டுமே! செய்தித்தாள்களில் விளம்பரம் செய்தார். அந்நாளில் பெண்கள் நடிப்பது இழிவென்று எண்ணப்பட்டதால் தாராமதியாக நடிக்க எந்தப் பெண்ணும் முன்வரவில்லை. முடிவில் உணவு விடுதி ஒன்றில் வேலை பார்த்துவந்த அண்ணா சாலுங்கே என்ற இளைஞரை அரசியாக நடிக்க வைத்தார். சாகும் பிள்ளையாகத் தம் குழந்தையை நடிக்க அனுப்பப் பெற்றோர் அஞ்சினர். எனவே தம் மகன் பாலசந்திராவையே ரோகிதாஸ்வன் ஆக்கினார். அரிச்சந்திரனாக நடித்தவர் தபகே என்ற நாடக நடிகர்.

சரஸ்வதிபாயின் கைகள்

பம்பாய் தாதரில் படப்பிடிப்பு நடந்தது. அங்கே தங்கி வேலை செய்தோர் அறுபது எழுபது பேர். அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டவர் சரஸ்வதிபாய். அதோடு முடிந்ததா அவர் வேலை? வெயிலில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்று நடிகர்களின் முகத்தில் ஒளி விழச் செய்தார். இரவில், எல்லாரும் உறங்கிய பின், பிலிமில் துளையிட்டார். கழுவும் மருந்துகளைக் கலந்தார்.

துளையிடுவதென்றால் என்னவென்று அறிந்தால்தான் அவ்வுழைப்பின் அளவு புரியும். கேமராவின் பற்சக்கரம் பிலிமைப் பற்றி இழுப்பதற்கு அதன் இரு ஓரங்களிலும் துளைகள் வேண்டும். ஓர் அடி பிலிமில் 16 படங்கள். படத்துக்கு நான்காக ஓர் ஓரத்தில் மட்டும் 64 துளைகள். முடிந்த படத்தின் நீளம் 3,700 அடி. நாமே பெருக்கிப் பார்க்கலாம். ஓர் ஓரத்துக்கே இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துளைகள். ஒளி பட்டால் பிலிம் கெட்டுவிடும் என்பதால் வேலை இருட்டில் நடக்க வேண்டும். துளை சிறிது விலகினாலும் படம் திரையில் ஆடும். பணம் போதாதபோது தம் நகைகளையும் அவர் கொடுத்தார்.

படத்தில் அவர் முகம் இல்லை. ஆனால் அவருடைய கை படாத அடி ஒன்றுகூட அப்படத்தில் இருந்திருக்காது. குழுவாகச் செயல்திட்டம் செய்கையில் எல்லாருக்கும் நடிக்கவே ஆசை. விளக்குப் பிடிக்கவும், ஒலிப்பதிவைக் கவனிக்கவும், குறிப்பெழுதவும் ஆள் கிடைப்பதில்லை. அந்த வேலை நமக்கு வந்தால் முகம் சுளிக்காமல் ஏற்க இந்த அம்மையாரை நினைத்துக்கொள்வோம்.

ஆறு மாதமும் 27 நாட்களும் உழைத்து முடித்த இராஜா அரிச்சந்திரா, 1913 ஏப்ரல் 21-ஆம் நாள் அழைக்கப்பட்ட பார்வையாளர்களுக்கு ஒலிம்பியா அரங்கில் காட்டப்பட்டது. மே 3-ஆம் நாள் கிர்காமின் கரோனேஷன் அரங்கில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இந்தியர் உருவாக்கிய முதல் முழுநீளக் கதைப்படம் என்ற இடம் அதற்குக் கிடைத்தது.

ஒதுக்கி வைத்தவை வீணாகவில்லை

ஒன்றைத் தேர்ந்தால் மற்றவற்றை இழந்துவிடுவோமே என்ற ஏக்கம் நமக்கு உண்டு. பால்கே அவர்களின் பிற்கால வாழ்க்கை இதற்கு ஆறுதல் சொல்கிறது. ஒத்திவைத்த கதைகளுக்கு அவர் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தார். 1913-லேயே மோகினி பஸ்மாசுரன் கதையை எடுத்தார். அதில் துர்காபாய் காமத் என்ற அம்மையாரும் அவர் மகள் கமலாபாயும் நடித்தனர். முதற் படத்துக்கு ஒரு பெண்ணும் கிடைக்காத நாட்டில், அடுத்த படத்திலேயே தாயும் மகளுமாகப் பெண்கள் திரையில் தோன்றியது சிறிய செய்தியா? அடுத்த ஆண்டில் சத்தியவான் சாவித்திரி வந்தது. 1917-இல் இலங்கா தகனம். அதில் இராமனாகவும் சீதையாகவும் சாலுங்கே ஒருவரே நடித்தார். நம் சென்னையில் அப்படத்துக்கு வசூலான நாணயங்களைக் காவலர் துணையுடன் மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்றார்கள் என்று இன்றும் சொல்வார்கள்.

கண்ணன் கதை? அரங்கில் அமர்ந்து கண்ட கனவு 1918-இல் ஸ்ரீகிருஷ்ண ஜன்மாவாக நனவாயிற்று. 1919-இல் வந்த காளிய மர்த்தனத்தில் கண்ணனாக நடித்தது அவருடைய சிறுமகள் மந்தாகினி. ஏழாண்டு பொறுத்திருந்ததால் கனவு தேய்ந்துவிடவில்லை. அதை எடுக்கும் திறமை அதற்குள் கைவந்திருந்தது. திரைப்படம் உருவாகும் முறையையே பொதுமக்களுக்கு விளக்கும் சிறு படம் ஒன்றையும் அவர் எடுத்தார். தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்திப் படம்பிடித்து அவற்றை ஆட வைத்தார். பெரியவற்றைச் செய்த பிறகும் சிறியவற்றை அவர் கைவிடவில்லை என்பது நமக்குப் பிடித்திருக்கிறது.

இறுதி நாட்கள்

நல்லதைத் தேர்ந்தால் வாழ்வு முழுவதும் சுகமே என்று நாம் சொல்ல வரவில்லை. 1918-இல் பங்காளிகளோடு சேர்ந்து இந்துஸ்தான் திரைப்பட நிறுவனத்தைத் தொடங்கினார். பழைய அச்சகத்தில் நேர்ந்ததே அங்கும் நேர்ந்தது. கருத்து வேற்றுமையால் விலகிக் காசிக்குச் சென்று நாடகம் எழுதினார். பிறகு திரும்பி வந்து பல படங்கள் எடுத்தார். 1931-இல் பேசும் படம் வந்துவிட்டது. தாம் வளர்த்த கலை வேறு உருக்கொண்டபோது அதனோடு ஒட்டிச் செல்ல அவரால் இயலவில்லை. 1937-இல் வெளியான கங்காவதரணம் ஒன்றே அவர் பேசும் படமாகவே எடுத்தது. அதுவே அவருடைய கடைசிப் படமுமாயிற்று. 1944 பிப்ரவரி 16-ஆம் நாள் நாசிக்கில், அதிக ஆரவாரமின்றி அவர் உயிர் பிரிந்தது.

நாடு பின்னர் நினைத்துக்கொண்டது. அவருடைய நூற்றாண்டையொட்டி இந்திய அரசு 1969-இல் அவர் பெயரால் விருது ஒன்றை ஏற்படுத்தியது. முதல் விருதைப் பெற்றவர் தேவிகா ராணி என்ற பெண்மணி. நம் சிவாஜி கணேசனும், இயக்குநர் கே. பாலசந்தரும், ரஜினிகாந்தும் அவ்விருதைப் பெற்றோர் வரிசையில் உள்ளனர். ஆனால் இராஜா அரிச்சந்திரா இன்று முழுமையாக இல்லை. புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் சில பகுதிகளே எஞ்சியுள்ளன. செய்வதைப் போலவே செய்ததைப் பாதுகாப்பதும் கடமை என்பதை அது நினைவூட்டுகிறது.

நமக்குரிய பாடம்

செயல்திட்டப் பட்டியல் கைக்கு வரும்போது நாம் நம்மையே சில கேள்விகள் கேட்டுக்கொள்வோம். நம்மிடமுள்ள நேரத்தையும் கருவிகளையும் கொண்டு இதை முடிக்க முடியுமா? இதன் எல்லாப் படிகளையும் நம் கையாலேயே செய்து கற்போமா? பார்ப்பவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் இது விளங்குமா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால், அது எவ்வளவு சிறியதாயினும் தயங்காமல் எடுத்துக்கொள்வோம். மனத்திலுள்ள பெரிய ஆசையை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். அதற்கும் ஒரு நாள் வரும்.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். மகள் இரண்டு நிமிடப் படத்துக்காக ஒரு மாதம் செலவிடுகிறாளே என்று வருந்த வேண்டாம். நாற்பது வயதில் வேலையை விட்டுவிட்டுப் பட்டாணித் தொட்டியின் முன் ஒருவர் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தார். வீட்டார் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். அதனால் ஒரு கலையே இந்நாட்டில் முளைத்தது.

அந்தப் பொறுமையும் உழைப்பும் நமக்கும் வாய்க்க இறைவன் அருள்வாராக!